அப்பா சரின்னுட்டாரு

"அப்பா பக்கத்துலதான் இருக்காரு. கேட்டுச் சொல்றேன், லைன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டு, ஜெயசுதா செல்போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள். பத்து வரை எண்ண வேண்டும். அதற்கு முன்னால் பதில் சொன்னால் கேட்டுச் சொன்ன மாதிரி இருக்காது. இருபது வரை போனால் அந்தப் பக்கம் சந்தேகம் வந்துவிடும். எட்டு மாதப் பழக்கத்தில் பத்துதான் சரியான கணக்கு என்று கண்டுபிடித்திருந்தாள்.

அந்தப் பக்கம் காத்திருந்தவர் சாமை விவசாயி பெரியண்ணன். கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி இருந்தது அவர் ஊர். அவரைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நிற்கிறார்கள், போன் ஸ்பீக்கரில் இருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். யாரோ இருமினார்கள். ஒரு சேவல் நேரம் தப்பிக் கூவியது.

எட்டு. ஒன்பது. பத்து.

"அப்பா சரின்னுட்டாரு, பெரியண்ணே. இந்த வருஷத்துச் சாமை மொத்தத்தையும் அந்தச் சென்னை கம்பெனிக்கே குடுத்துடலாம்னு சொல்றாரு. முதல் லோடை இன்னிக்கே இறக்கச் சொல்லிட்டாரு."

"முதலாளி சொன்னா சரிதான் பாப்பா. ஏத்திக்கினு கிளம்பறோம்" என்றார் பெரியண்ணன்.

போனை வைத்துவிட்டு, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டோடு அப்பாவின் மேல் குனிந்தாள். தினமும் செய்வதுதான். முதலில் நெற்றி, பிறகு கண்ணோரம், கடைசியில் வாயோரம். வாயோரம் வந்தபோது தாடை இறுகிக் கிடப்பது கைக்குத் தெரிந்தது. விரல்களைத் தொட்டாள். தை மாதத்துக் காலைக் குளிர்தான் என்று ஒரு நிமிடம் தன்னையே ஏமாற்றிப் பார்த்தாள்.

நாலரை மணிக்கு எழுந்து புரட்டிப் படுக்க வைத்தபோது மூச்சு இருந்தது. இப்போது மணி ஏழே கால்.

அப்பா பூமாலை பதில் சொல்வதை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. மூச்சு விடுவதை நிறுத்தி எவ்வளவு நேரம் என்பதுதான் தெரியவில்லை.

முதலில் அவளுக்கு அழுகை வரவில்லை. 'அப்பாடா' என்றுதான் வந்தது. இனி யாரும் போன் செய்து, முதலாளியைக் கேட்டுச் சொல்லு என்று சொல்லப்போவதில்லை. இனி பத்து வரை எண்ண வேண்டாம். அந்த நினைப்பு வந்த வேகத்திலேயே வெட்கமும் வந்தது. பெற்ற தகப்பன் செத்துக் கிடக்கிறார், மகளுக்கு நிம்மதியாம்.

அதற்கப்புறம்தான் "அம்மா" என்று கத்தினாள்.

*

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில் இருந்தது பூமாலையின் மில். மலையிலிருந்து வரும் சாமை, தினை, வரகை உமி நீக்கி அரிசியாக்கும் மில். முன்பக்கம் ஓர் அறை, அதைத் தாண்டினால் மெஷின் ஹால். ஹாலுக்கு வேறு வாசல் கிடையாது. பக்கவாட்டில் ஒரு கதவு வைக்கலாமே என்று கட்டும்போதே கொத்தனார் கேட்டார். "என் கண்ணுல படாம எந்த மூட்டைடா உள்ள போவணும்?" என்று பூமாலை அவரை விரட்டிவிட்டார். பக்கத்து மனையில் இப்போது வேறொருவரின் கல்யாண மண்டபம் சுவரை ஒட்டி எழும்பிவிட்டது. இனி நினைத்தாலும் கதவு வைக்க முடியாது. முப்பத்தைந்து வருடமாக ஒவ்வொரு மூட்டையும் அவர் நாற்காலியைத் தாண்டித்தான் உள்ளே போனது.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், பின்னால் இருந்த வீட்டுக்குள் போகமாட்டேன் என்று இடது கையால் நிலையைப் பிடித்துக்கொண்டார். நாற்காலி இருந்த இடத்திலேயே கட்டில் போட்டார்கள்.

ஜெயசுதா திருக்கோவிலூரில் வாழப்போய், அது சரிப்படாமல், பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு பிறந்த வீட்டுக்கே திரும்பியவள். மில் வேலை முழுக்கத் தெரியும். முடிவு எடுத்துத்தான் பழக்கமில்லை. ஒவ்வொன்றையும் கட்டிலருகே உட்கார்ந்து கேட்பாள். அப்பா இடது கையால் அவள் விரலை ஒரு தடவை அழுத்தினால் சரி, இரண்டு தடவை அழுத்தினால் கூடாது. அப்படியே ஒன்றேகால் வருடம் மில் ஓடியது.

போன ஆனி மாதம் மறுபடியும் தாக்கியது. அந்தக் கையும் ஓய்ந்தது. கண் திறந்திருக்கும், யாரையும் பார்க்காது.

அந்த வாரம்தான் பெரியண்ணன் போன் செய்தார். மலையில் எல்லோரும் சாமையை விட்டுவிட்டு மரவள்ளிக்குப் போகலாம் என்கிறார்கள், முதலாளி என்ன சொல்கிறார், கேட்டுச் சொல்லு. ஜெயசுதா கேட்டாள். அப்பாவின் விரல் அசையவில்லை. "பாப்பா, இருக்கியா?" என்றது போன். அவளுக்கு எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"தயவு பண்ணி சாமையே போடச் சொல்றாரு."

நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஆடியில் சாமை விதைத்தன. அன்றிலிருந்து அவள் தூங்கவில்லை என்றே சொல்லலாம். விதைத்தது விற்க வேண்டுமே. சென்னையில் சிறுதானியம் விற்கும் கம்பெனிகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்தாள். மாதிரிப் பொட்டலம் அனுப்பினாள். ஒரு கம்பெனி ஒத்துக்கொண்டது. திங்கட்கிழமை அவர்கள் லாரி வருகிறது. அதையும் 'அப்பா முடிவு பண்ணிட்டாரு' என்றுதான் மலைக்குச் சொன்னாள். ஒரு பொய் சொன்னவளுக்கு அடுத்ததை மாற்றிச் சொல்ல வழியில்லை.

மலைக்கு மட்டுமா சொன்னாள்? ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் தம்பி அறிவுச்செல்வன், "வேலையை விட்டுட்டு சொந்தமா ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், அப்பாவைக் கேளுக்கா" என்றபோது, அவனுக்கும் பத்து வரை எண்ணித்தான் பதில் சொன்னாள்.

*

எட்டு மணிக்குள் தெரு கூடிவிட்டது. நாலு வீடு தள்ளி இருக்கும் நர்ஸ் சுபஸ்ரீ டியூட்டிக்குப் போகிற புடவையோடு ஓடிவந்து நாடி பார்த்தாள், கண்ணிமையை விலக்கிப் பார்த்தாள்.

"ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கும்க்கா. தூக்கத்துலயே போயிருக்காரு. வலி இருந்திருக்காது" என்றாள் மெதுவாக.

பந்தல் வந்தது. ஐஸ் பெட்டி வந்தது. அம்மா பாப்பாத்தி அழுதுகொண்டே, வருகிறவர்களுக்கு டீ போய்ச் சேருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா பிச்சைமுத்து நைனார்பாளையத்திலிருந்து பத்து மணிக்கு வந்து இறங்கினார். பங்காளிகளில் மூத்தவர். சாவு வீட்டில் எதை எப்போது செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவர் வாயால்தான் வர வேண்டும். தம்பியின் முகத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அழுதார். துண்டால் மூக்கைச் சிந்திவிட்டு, நேராகச் சுவரில் இருந்த தினசரி காலண்டரிடம் போய் அன்றைய தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார்.

"சுதா, உசுரு எத்தினி மணிக்குப் போச்சு?"

"விடியக்காலம் பெரியப்பா."

"விடியக்காலம்னா? நேத்து அமாவாசை. ஆறு அம்பத்திரெண்டு வரைக்கும் திருவோணம், அதுக்கு மேல அவிட்டம். அவிட்டத்துல போனா அடைப்பு. செத்த எடத்தைப் பூட்டி, வாசல்ல முள்ளு வெக்கணும். ஆறு மாசம் ஒரு ஈ காக்கா உள்ள போவக்கூடாது. அதுக்குத்தான் கேக்குறேன்."

ஜெயசுதா திரும்பி மெஷின் ஹாலைப் பார்த்தாள். செத்த இடம் என்றால் இந்த அறை. இந்த அறையைப் பூட்டினால் ஹாலுக்குப் போக வழியில்லை. ஆறு மாதம் மெஷின் ஓடாது. திங்கட்கிழமை லாரி காலியாகத்தான் திரும்பும்.

"அஞ்சு, அஞ்சரை இருக்கும் பெரியப்பா. சுபஸ்ரீயும் அப்படித்தான் சொன்னா."

"அப்ப திருவோணம்." பிச்சைமுத்துவுக்கும் முகம் தெளிந்தது. "கெட்டிக்காரன்டா. போறப்பவும் நேரம் பாத்துதான் போயிருக்கான்."

காலண்டர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

*

பதினொன்றரைக்கு அறிவுச்செல்வன் மனைவி, இரண்டு மகள்களோடு காரில் வந்தான். ஒரு மணிக்குத் தெருமுனையில் பிக்கப் வண்டியின் ஹாரன் கேட்டது. மலைக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

சாமை மூட்டைகள் மேல் ஆண்களும் பெண்களுமாக இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் செய்தி தெரிந்ததாம். அங்கேயே கடையில் கோடித் துணியும் மாலையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். பெரியண்ணனின் மனைவி சாலம்மாள் இறங்கும்போதே மாரில் அடித்துக்கொண்டாள். "எங்களைத் திட்ட இனி யாரு இருக்கா முதலாளீ" என்று அவள் ஒப்பாரி எடுத்ததும், அழுதுகொண்டிருந்த பெண்களில் இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்து முந்தானையால் மூடிக்கொண்டார்கள்.

ஜெயசுதா அவர்கள் முகத்தைப் பார்க்காமல் தலை குனிந்திருந்தாள். பெரியண்ணன் வாயைத் திறக்காமல் மாலை போட்டுவிட்டு உட்கார வேண்டும், அதுபோதும் என்று வேண்டிக்கொண்டாள்.

பெரியண்ணன் மாலை போட்டார். கும்பிட்டார். பிறகு பந்தலைப் பார்த்துத் திரும்பி, மலையில் எதிர்மேட்டில் இருப்பவனுக்குச் சொல்கிற குரலில் சொன்னார்.

"எங்க முதலாளி சும்மா போவலைங்க. இன்னிக்குக் காலைல ஏழே கால் மணிக்கு எங்களுக்கு வார்த்தை குடுத்துட்டுத்தான் போனாரு. இந்த வருஷத்துச் சாமை எங்க போவணும்னு சொல்லிட்டாரு. அந்த வார்த்தையைப் பாப்பா வாங்கித் தந்துச்சு. அதுங்கிட்டதான் நாங்க குடுப்போம். இது பொதுவில எல்லாரும் அறியணும்."

பந்தலில் சில பேர் தலையாட்டினார்கள். பிச்சைமுத்து ஆட்டவில்லை.

"எத்தினி மணிக்கு?"

"ஏழே காலுங்க."

"தெரியுமா உனக்கு நல்லா?"

பெரியண்ணன் பெருமையாகச் செல்போனை எடுத்துக் காட்டினார். பிச்சைமுத்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஏழு பதினாலு. மூன்று நிமிடம் பேசியிருக்கிறார்கள். சட்டைப் பையிலிருந்து காலண்டர் தாள் வெளியே வந்தது.

"இன்னாம்மா சுதா? அஞ்சரைன்ன. ஏழே காலுக்கு வார்த்தை குடுத்திருக்கானே. இது அவிட்டமாச்சே!"

பந்தலில் இருந்த பேச்சு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது.

ஜெயசுதா எழுந்து நின்றாள்.

"அடைப்புதான். சந்தேகமே இல்ல" என்றார் பிச்சைமுத்து. "எடுத்ததும் அறையைப் பூட்டணும். ஆறு மாசம்."

"பூட்டிடலாம் பெரியப்பா" என்றான் அறிவுச்செல்வன். அவன் கை தானாகச் சின்ன மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. "கொழந்தைங்க இருக்குது. எதுக்கு வம்பு? அக்கா, ஆறு மாசந்தானே? மில்லு எங்க ஓடிடப்போவுது?"

பெரியண்ணனுக்கு அப்போதுதான் விஷயம் எட்டியது. அறையைப் பார்த்தார். அறைக்கு அப்பால் தெரிந்த மெஷினைப் பார்த்தார். வண்டியில் இருந்த மூட்டைகளைப் பார்த்தார். ஏதோ உளறிவிட்டோம் என்று மட்டும் அவர் முகத்தில் தெரிந்தது.

பொய்யைக் காப்பாற்றினால் மில் போகும். அவள் பேச்சை நம்பி விதைத்தவர்களின் சாமை வண்டியிலேயே நிற்கும். மில்லைக் காப்பாற்றினால், எட்டு மாதமாகச் செத்த வாயை வைத்து வியாபாரம் பண்ணினவள் என்று இத்தனை பேருக்கும் முன்னால் தெரியும். அப்புறம் மலையில் யார் அவளுக்கு ஒரு மூட்டை கொடுப்பார்கள்?

மூட்டைகளின் மேல் யாரோ தங்கள் கைக்குழந்தையைத் தூங்க வைத்திருந்தார்கள். ஜெயசுதா அதைப் பார்த்தாள்.

"அப்பா சொல்லலை" என்றாள்.

"இன்னாது?"

"ஏழே காலுக்கு அப்பா எதுவும் சொல்லலை பெரியப்பா. அப்ப உசுரே இல்ல. எனக்குத் தெரியாது. நான் பாக்காமயே சொன்னேன். சரின்னு சொன்னது நான்தான்."

பிச்சைமுத்து கண்ணாடியைக் கழற்றினார். "செத்தவன் சொன்னான்னு நீயே சொன்னியா?"

"இன்னிக்கு மட்டும் இல்ல. ஆனி மாசத்துலேர்ந்து அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. யாரு கேட்டாலும் நான்தான் சொல்லிக்கினு இருந்தேன். சாமை போடுங்கன்னு சொன்னதும் நான்தான். சென்னை கம்பெனியைப் பேசினதும் நான்தான்." அவள் மலைக்காரர்கள் இருந்த பக்கம் திரும்பினாள். "உங்களை ஏமாத்திட்டேன் பெரியண்ணே."

"பொணத்தைப் பேச வெச்சவளை இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார் பிச்சைமுத்து.

பாடை கட்ட வந்த வெட்டியான் கூட மூங்கில் வெட்டுவதை நிறுத்திவிட்டான்.

திடீரென்று சாலம்மாள் சிரித்தாள். சாவு வீட்டில் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. வாய்விட்ட சிரிப்பு. சிரித்துவிட்டுத் தலையில் தட்டிக்கொண்டாள்.

"அட போ பாப்பா! அது எங்களுக்குத் தெரியாதா?"

ஜெயசுதா விழித்தாள்.

"சாமை போடுன்னு நீ சொன்னியே, அன்னிக்கே தெரிஞ்சிபோச்சு" என்றாள் சாலம்மாள். "முதலாளி ஒரு நாளாவது திட்டாம பதில் சொல்லியிருக்காரா? முன்ன நீ கேட்டுச் சொல்றப்பகூட, 'அப்பா மொறைக்கிறாரு'ன்னாவது சொல்லுவ. அன்னிக்கு ஒரு ஏச்சு இல்ல, ஒரு பேச்சு இல்ல. 'தயவு பண்ணி சாமையே போடச் சொல்றாரு'ன்ன. தயவாம்! அவரு வாயில தயவு வருமா?"

மலைக்காரர்கள் நடுவில் ஒரு சலசலப்பு ஓடியது. சிரிப்பை அடக்குகிற சலசலப்பு.

"நான் மறுநாளே எறங்கி வந்து பாத்தேனே, நெனப்பு இருக்கா?" என்றார் பெரியண்ணன். "நீ டீ வாங்க உள்ள போயிருந்த. நான் அவரு மூஞ்சிக்கு நேரா நின்னு, 'முதலாளி, இந்தத் தடவை மூட்டைக்குப் பாதி கல்லு போட்டுத்தான் கொண்டாரப்போறேன்'னு சொன்னேன். கோவமே வரலை பாப்பா." அவர் நிறுத்தினார். துண்டால் கண்ணைத் துடைத்தார். "நான் அன்னிக்கே அழுதுட்டேன். காட்ரோடு முச்சூடும் அழுதுக்கினேதான் ஏறுனேன்."

"தெரிஞ்சுமா என்னைக் கேட்டீங்க? எட்டு மாசமா?"

"வேற யாரைக் கேக்கறது? 'பாப்பா, நீ இன்னா சொல்ற'ன்னு கேட்டா, எனக்கு இன்னா தெரியும்னு போனை வெச்சிருப்ப. முதலாளியைக் கேட்டுச் சொல்லுன்னா, பொறுப்பா யோசிச்சுச் சொன்ன. நாங்களும் நாலு பேரு உக்காந்து பேசிட்டுத்தான் செஞ்சோம். கண்ணை மூடிக்கினு செய்யலை."

"ஐப்பசில தப்பாச் சொன்னியே ஒரு தரம்" என்றாள் சாலம்மாள். "ஈரம் காயறதுக்கு முன்ன பிளாஸ்டிக் சாக்குல கட்டச் சொல்றாருன்னு. நாங்க கட்டலை. கட்டியிருந்தா பூசணம் பூத்திருக்கும். நீ மனசு கஷ்டப்படுவியேன்னு சொல்லலை."

ஜெயசுதாவுக்கு ஞாபகம் இருந்தது. அந்த யோசனை பலித்தது என்று நினைத்துத்தான் அடுத்த மாதம் கம்பெனியோடு பேசவே துணிந்தாள்.

"அப்பறம் ஏன்யா அவன் சொன்னான், இவன் சொன்னான்னு பந்தல்ல வந்து கூவுன?" என்று பிச்சைமுத்து பெரியண்ணன் மேல் பாய்ந்தார்.

"பொம்பளைப் புள்ள சொல்லுச்சுன்னா நீங்க மதிப்பீங்களாய்யா? எடுத்து முடிச்சதும் மில்லை யாரு பாக்குறதுன்னு பேச ஆரம்பிப்பீங்க. முதலாளி வார்த்தைன்னு போட்டு வெச்சா யாரும் வாயைத் தொறக்கமாட்டாங்கன்னு பாத்தேன். அது நச்சத்திரத்துல போய் மாட்டும்னு நான் இன்னா கண்டேன்!"

பிச்சைமுத்து சுபஸ்ரீயைத் தேடினார். அவள் பாதி டியூட்டியில் அனுமதி வாங்கிக்கொண்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள்.

"ஏம்மா, நீ தொட்டுப் பாத்தியே. நெசமா எத்தினி மணி இருக்கும்?"

"நான் ஏழரைக்கு வந்தேன் தாத்தா. அப்பவே தாடை இறுகிடுச்சு. அஞ்சு மணிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்தான். ஏழு மணியெல்லாம் கெடையவே கெடையாது."

பிச்சைமுத்து காலண்டர் தாளை ஒரு தடவை பார்த்தார். ஜெயசுதாவைப் பார்த்தார்.

"திருவோணம்" என்றார். "அடைப்பு இல்ல. நேரமாவுது, குளிப்பாட்ட தண்ணி கொண்டாங்கடா."

*

குடம் எடுக்கப் போன இடத்தில் அறிவுச்செல்வன் அக்காவை மறித்தான்.

"எனக்கு ஒண்ணு சொல்லு. வேலையை விட வேணாம்னு அப்பா சொன்னாருன்னியே."

"நான்தான்டா."

அவன் குனிந்து குழாயை மூடினான்.

"என்கூட ஆரம்பிக்கலாம்னு இருந்தவன் மூணே மாசத்துல கடையை மூடிட்டு வூட்டுல உக்காந்துகினு இருக்கான். அப்பா எங்கேர்ந்து இதையெல்லாம் கண்டாருன்னு நான் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு திரிஞ்சேன்." குடத்தை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டான். "அப்பப்ப நீயா போன் பண்ணுக்கா. இனிமே நேரா உன்னையே கேக்குறேன்."

குளிப்பாட்டினார்கள். கோடி போட்டார்கள். வாய்க்கரிசி போடும்போது பாப்பாத்தி மகளின் காதருகே குனிந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"எனக்கும் சொன்னியேடி. கஞ்சி நல்லா இருக்குன்னாரு அப்பான்னு. தெனம் தெனம் சொன்ன."

"அம்மா..."

"நாப்பத்திமூணு வருஷத்துல ஒரு வாட்டி சொன்னதில்ல அந்த மனுசன். பொய்யின்னு தெரியும். தெரிஞ்சும், சாயங்காலம் ஆனா நீ வந்து சொல்லுவன்னு அடுப்படியிலயே நிப்பேன்."

ஜெயசுதாவுக்கு அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை. பாடை தெருமுனை திரும்பும் வரை, மேளச் சத்தம் கச்சிராயபாளையம் சாலையின் பஸ் சத்தத்தில் கரையும் வரை, அவள் அம்மாவின் தோளிலேயே இருந்தாள். எட்டு மாதம் நிமிர்த்தி வைத்திருந்த முதுகு தளர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

*

நாலு மணிக்குப் பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். கட்டிலை வெளியே எடுத்துப் போட்டதும் முன்னறை இத்தனை பெரியதா என்று இருந்தது. சாலம்மாள் தண்ணீர் ஊற்ற, ஜெயசுதா துடைப்பத்தால் வாரி வாசலுக்குத் தள்ளினாள். மலைக்காரர்களில் ஆண்கள் சுடுகாட்டிலிருந்து குளித்துவிட்டு ஈரத் தலையோடு திரும்பினார்கள். பெரியண்ணன் வாசலோடு நின்றுகொண்டார்.

"பாப்பா, இருட்டறதுக்குள்ள மலை ஏறணும். மூட்டை வண்டியிலயே இருக்குது. தீட்டு வூடுன்னு உங்க பெரியப்பா இன்னாவது சொல்லுவாரா?"

பந்தலில் நாற்காலியில் கண் மூடியிருந்த பிச்சைமுத்து, கண்ணைத் திறக்காமலே, "மூட்டைக்கு ஏதுய்யா தீட்டு" என்றார்.

"அப்ப எறக்கிடலாமா?"

அவர் யாரைக் கேட்கிறார் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை அவளுக்கு. தரையைப் பார்த்தாள். சிமெண்டுத் தரை முழுக்கத் தண்ணீர் பளபளத்தது.

"இப்ப வேணாம். சாக்கு ஈரத்துல பட்டுடும். கொஞ்சம் காயட்டும், அப்பறம் எறக்கலாம்."

"சரி பாப்பா" என்றார் பெரியண்ணன். வண்டியில் ஏறிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவர்களிடம் கையைக் காட்டினார். அவர்கள் இறங்கி வந்து வாசலோரம் வரிசையாகக் குந்தினார்கள்.

ஜெயசுதா சுவரோரமாகப் போய் மின்விசிறியைப் போட்டு ஐந்தில் வைத்தாள். ஓரங்களில் வெளுத்த சிமெண்டு தெரிய ஆரம்பித்தது. நடுவில் இருந்த ஈரம் மெல்ல மெல்லச் சுருங்கியது. யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லோரும் அதைக் குடித்துக்கொண்டே, தரை காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.